சுகர் கிளைடரும் நீல டிராகனும்: உள்ளங்கைப் படம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் அண்மையில் ‘உள்ளங்கை அதிசயங்கள்’ என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் சுகர் கிளைடர் என்னும் சிறு பைப்பாலூட்டியையும், ‘நீல டிராகன்’ என்று பெயர் வாங்கிவிட்ட ஓடில்லாக் கடல் நத்தையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தீர்கள். பாலூட்டிக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றினாலும், ஒப்பிட நியாயம் உண்டு. இரண்டும் காற்றை நம்பிப் பயணம் செய்பவை. இரண்டும் கைபேசிக் காணொளிகளால் பெயர் பெற்றவை. எங்கள் ஆட்சேபம் படங்களின் மேல். இரண்டு உயிரினங்களும் விரித்த கையொன்றின் நடுவில் உட்கார்ந்திருந்தன. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தங்கள் இணையப் பதிப்பைப் பிள்ளைகளோடு வாசிக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் பொதுஅறிவு அல்ல. நீல டிராகன் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணக் கடற்கரையில் ஒதுங்குகிற உயிரினம். சுகர் கிளைடர் தென்னாப்பிரிக்காவில் செல்லப் பிராணியாக விலைக்குக் கிடைக்கிற உயிரினம். படத்தைப் பார்த்த பிள்ளை இரண்டையும் கையில் எடுக்க வழி இருக்கிறது.

முதலில் நத்தை. இதன் அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிக்கஸ். 1777-இல் இயற்கையியலாளர் ஃபார்ஸ்டர் விவரித்தது. வளர்ந்தாலும் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர்தான். காணொளியில் பெரிதாகத் தெரிவதால் பல்லி அளவு இருக்கும் என்று எண்ணுபவர்கள், மணலில் கிடப்பதைக் கண்டால் கசங்கிய நீலத் துணுக்கு என்று நினைத்து மிதித்துவிடுவார்கள். தண்ணீருக்குள் இருந்தால்தான் அதன் விரல் போன்ற கிளைகள் விரியும். மணலில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். அழகான படம் வேண்டும் என்பவர்கள் உள்ளங்கையைக் குவித்து, அதில் கடல்நீர் ஊற்றி, நத்தையை அதற்குள் விடுவது இதனால்தான். தங்கள் பக்கத்தில் அச்சான படமும் அப்படி எடுத்ததே. விரல் இடுக்கில் நீர் பளபளப்பது தெரிகிறது.

“நஞ்சைத் தானே சுரக்கிறது” என்று தங்கள் கட்டுரை சொன்னது தவறு. இந்த நத்தைக்குச் சொந்த நஞ்சு கிடையாது. நம் கடற்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த புளூபாட்டிலை (நீலக் குமிழியால் மிதந்து, நீண்ட இழையால் கொட்டும் ஜெல்லிமீன் போன்ற உயிரினம்) தின்று, அதன் கொட்டும் செல்களை எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. கொட்டும் செல் ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணிய பையும், அதற்குள் சுருட்டிய ஊசிக்குழலும் இருக்கும். எதாவது உரசினால் குழல் வெளியே பாய்ந்து குத்தும். நத்தை விழுங்கும்போது இன்னும் வெடிக்காத பைகள் செரிமானச் சுரப்பியின் கிளைகள் வழியே நகர்ந்து, விரல் போன்ற அந்த வெளிக் கிளைகளின் நுனிகளுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே அவற்றுக்கென்றே தனிச் சேமிப்புப் பை உண்டு. கிளைகளின் எண்ணிக்கை 84 வரை போகலாம். ஒவ்வொரு நுனியிலும் இந்தச் சரக்கு. கடல்பரப்பில் மிதக்கும் ஜெல்லிமீன் உறவுகளான வெலெல்லா, போர்பிட்டா ஆகியவற்றையும் இது தின்னும். ஆனால் சரக்கில் வீரியம் கூடியது புளூபாட்டிலிடமிருந்து வந்ததே. புளூபாட்டிலின் நீண்ட இழையில் செல்கள் பரவிக் கிடக்கின்றன. நத்தையிடமோ அவை சிறு நுனியில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அளவில் சிறியதுதானே என்று கணக்குப் போடக் கூடாது.

காணொளிகளில் கையில் எடுத்தவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உள்ளங்கைத் தோல் உடம்பிலேயே தடிப்பான தோல்களில் ஒன்று. நத்தையும் அமுக்கப்படாமல் நீரில் மிதந்திருக்கலாம். அண்மையில் புளூபாட்டில் கிடைக்காமல் சரக்குக் குறைந்திருக்கலாம். அதே நத்தை மணிக்கட்டின் உட்புறத்திலோ விரல்களின் நடுவிலோ பட்டால் கதை வேறு. எரியும் வலி, சிவந்த தடிப்பு, சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். எடுத்த கையால் கண்ணைத் தேய்த்தால் இன்னும் மோசம். நத்தை செத்துக் காய்ந்திருந்தாலும் பைகள் வெடிக்கக் கூடியவை. அவை வேலை செய்ய நத்தையின் உயிர் தேவையில்லை.

கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று நீண்ட நேரம் வீசிய நாளில், அலை ஏறிய கோட்டில் புளூபாட்டில்களின் நீலக் குமிழிகள் வரிசையாகக் கிடந்தால், அந்தக் கோட்டில்தான் நத்தையும் இருக்கும். இரையும் இரைகொல்லியும் ஒரே காற்றில் வருகின்றன. அன்றைக்குச் சிறுபிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம். மணல் வீடு கட்டுவதைக் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில் வைத்துக்கொள்ளலாம். இது டர்பனுக்கு மட்டும் சொல்வதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர்க் கரையிலும் இந்த நத்தைகள் ஒதுங்கின.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியதைத் தங்கள் பக்கம் ஒரே வரியில், “உடனே நல்ல தண்ணீரில் கழுவவும்” என்று முடித்துவிட்டது. அதைச் செய்யக் கூடாது. உப்பில்லாத நீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத பைகளும் வெடிக்கலாம். கடல்நீரையே ஊற்றிக் கழுவ வேண்டும். துண்டால் துடைப்பது, மணலால் தேய்ப்பது, அட்டையால் வழிப்பது எல்லாமே அழுத்தம் கொடுத்து மிச்சமிருப்பதைத் தோலுக்குள் இறக்கும் வேலை. ஒட்டியிருக்கும் இழையையோ துணுக்கையோ சாமணத்தால் தூக்கி எடுக்க வேண்டும். சாமணம் இல்லையென்றால் கையுறையோ தடித்த பிளாஸ்டிக் பையோ மாட்டிய விரலால் எடுக்கலாம். அதன் பிறகே வெந்நீர். ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ், 20 நிமிடம், அடிபட்ட இடம் முழுகியிருக்க வேண்டும். வெப்பமானி கையில் இல்லாவிட்டால், பெரியவர் தன் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்துப் பொறுக்கக்கூடிய சூடா என்று முடிவு செய்யட்டும். வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். நீர் ஆற ஆறச் சூடான நீரைச் சேர்க்க வேண்டும்; சேர்க்கும்போது பிள்ளையின் கையை வெளியே எடுத்துவிட்டுச் சேர்க்கவும்.

பனிக்கட்டியா, வெந்நீரா என்ற பழைய சண்டைக்கு 2006-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒரு விடை தந்தது. புளூபாட்டில் கொட்டிய 96 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்தில் வெந்நீர் பெற்றவர்களில் 87 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. பனிக்கட்டிப் பொதி வைத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கே. வினிகரைப் பற்றி வல்லுநர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்; வெந்நீர் கிடைக்கும் இடத்தில் அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. மஞ்சள், எலுமிச்சை, சிறுநீர் எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், மார்பு வலி, நிற்காத வாந்தி இருந்தால் வெந்நீரோடு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: தென்னாப்பிரிக்காவில் 10177, கைபேசியிலிருந்து 112. கடற்கரைக் காவலர் கோபுரம் அருகில் இருந்தால் ஒருவர் அங்கே ஓடட்டும், இன்னொருவர் பிள்ளையோடு இருக்கட்டும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக் கரைகளில் நாய்கள் செத்ததற்கு வேறோர் ஓடில்லாக் கடல் நத்தைதான் காரணம். அதில் பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சின் இருந்தது. கரையில் கிடக்கும் வழுவழுப்பான எதையும் நாய் வாயில் வைக்க விடாதீர்கள்.

இனிச் சுகர் கிளைடர். இது “வவ்வால் போலப் பறக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். வவ்வால் சிறகடித்து உயரே ஏறும். இது உயரத்திலிருந்து சறுக்கி இறங்கும், அவ்வளவே. முன்காலின் ஐந்தாம் விரலிலிருந்து பின்காலின் முதல் விரல் வரை தோல் சவ்வு ஓடுகிறது. குதிக்கும்போது நான்கு காலையும் அகட்டிச் சவ்வை விரிக்கும், ஒரு பக்கக் காலைத் தாழ்த்தித் திசை திருப்பும், வாலும் உதவும். ஒரு தாவலில் 50 மீட்டர் வரை போகும். இறங்கும் முன் உடலை நிமிர்த்தி, வேகத்தைக் குறைத்து, நான்கு காலும் மரத்தில் படும்படி ஒட்டிக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் அணிலும் இதே வித்தையைச் செய்கிறது. ஆனால் அது அணில் குடும்பம். இது கங்காருவுக்கு உறவு. உறவில்லாத இரண்டு குடும்பங்கள் மரத்துக்கு மரம் தாவும் தேவையால் ஒரே மாதிரி உடம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இங்கேதான் நத்தையோடு ஒப்பிடும் உண்மையான இடம் இருக்கிறது. தங்கள் அட்டவணை அதைத் தொடவே இல்லை. கிளைடர் காற்றை வெளியிலிருந்து தாங்குகிறது. நத்தை காற்றை விழுங்குகிறது. வயிற்றுக்குள் ஒரு குமிழி காற்றை வைத்துக்கொண்டு கடல்பரப்பின் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. ஆகவே மேலே தெரியும் நீலப் பகுதி அதன் வயிற்றுப் பக்கம், கீழ்நோக்கிய வெள்ளிச் சாம்பல் நிறம்தான் முதுகு. மேலிருந்து பார்க்கும் கடற்பறவைக்குக் கடலின் நீலம், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சம். கிளைடர் தான் இறங்கும் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நத்தைக்கு அந்தச் சலுகை இல்லை; இரை கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் மெல்ல நெளிந்து போய்ப் பிடிக்கும், மற்றபடி காற்றும் நீரோட்டமும் கொண்டுபோன இடத்துக்குப் போகும்.

இனப்பெருக்கம் பற்றிச் சுருக்கமாக: நத்தையில் ஆண், பெண் என்ற பிரிவில்லை, ஒவ்வொன்றும் இரண்டுமாகும், கூடியபின் இரண்டுமே முட்டைச் சரங்களை இடும். தின்று மிச்சமான இரையின் உடல் மேலும் சரத்தை ஒட்டிவிடுவதுண்டு. கிளைடரின் கருக்காலம் 16 நாள்தான். பிறக்கும் குட்டி அரிசி மணி அளவு, 0.2 கிராம். அது தானே ஊர்ந்து பைக்குள் போய் முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய 70 நாள் அங்கேயே இருக்கும்.

“பழம் கொடுத்தால் போதும்” என்ற வரி எங்களை மிகவும் உறுத்தியது. கால்நடை மருத்துவர்களிடம் வரும் செல்லக் கிளைடர்களில் அடிக்கடி காணும் நோய் பின்னங்கால் செயலிழப்பு. அதன் வேர் பெரும்பாலும் தட்டில்தான் இருக்கிறது. ஆப்பிள், திராட்சை, வாழைப்பழத்தில் கால்சியம் மிகக் குறைவு. புழுவும் பூச்சியும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். முதலில் குதிக்கத் தயங்கும். பிறகு ஏறும்போது பிடி நழுவும். பிறகு பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகரும். அதற்குள் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மெலிந்திருக்கும். நழுவும் கட்டத்திலேயே மருத்துவரிடம் போனால் கால்சியமும், உயரம் குறைந்த கூண்டில் ஓய்வும், உணவு மாற்றமுமாக மீட்கப் பெரும்பாலும் முடியும். இழுத்து நகரும் வரை விட்டால் உறுதி சொல்ல முடியாது. மொத்த உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது, இரண்டு பங்கு வரை இருக்கலாம்.

காட்டில் இது கருவேல இன மரங்களின் பிசின், யூகலிப்டஸ் சாறு, பூந்தேன், மகரந்தம், பூச்சி ஆகியவற்றைத் தின்னும். அதை ஒட்டி விலங்குக் காட்சிச்சாலைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் கலவை ஒன்று உண்டு. வெதுவெதுப்பான நீர் 150 மில்லி, தேன் 150 மில்லி, ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தைத் தானிய மாவு 25 கிராம், விலங்குகளுக்கான வைட்டமின்-தாதுப்பொடி ஒரு தேக்கரண்டி. முதலில் நீரில் தேனைக் கரைத்து, முட்டையைத் தனியே மசித்து, இரண்டையும் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கடைசியில் மாவும் பொடியும் போட்டு அரைக்க வேண்டும்; கட்டி நின்றால் அதை ஒதுக்கிவிட்டுத் தேன் நீரை மட்டும் நக்கும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் புளிக்கும். இது தட்டில் பாதி. மறுபாதி பூச்சியுண்ணிகளுக்கான குறுணைத் தீவனம். பழம் ஒரு துண்டு, ருசிக்கு மட்டும். நாளைக்கு மொத்தம் உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம்: 120 கிராம் எடையுள்ள கிளைடருக்கு 18 முதல் 24 கிராம். சூரியகாந்தி விதையைக் கேட்டுக் கேட்டுத் தின்னும், கொழுத்துப் போகும், கொடுக்காதீர்கள்.

தனியே ஒன்றை வாங்கி வளர்ப்பது இன்னொரு பிழை. இது கூட்டமாக ஒரே பொந்தில் உறங்கும் விலங்கு. தனியாக அடைத்தால் தன் வாலையும் காலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கூண்டு அகலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கம்பி இடைவெளி 1.25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுவில் அச்சுக்கம்பி ஓடும் சுழல் சக்கரத்தில் வால் சுற்றிக்கொள்ளும். உறங்கும் துணிப்பையில் பிரிந்த நூல் ஒன்று விரலைச் சுற்றினாலும் இரத்தம் நின்று விரல் அழுகிவிடும். வாரம் ஒருமுறை பையை உள்வெளியாகத் திருப்பி நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உகந்த வெப்பம் 24 முதல் 27 டிகிரி. டர்பனில் சமாளிக்கலாம், ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் ஜூன், ஜூலை இரவில் மின்வெட்டும் சேர்ந்தால் கிளைடர் உணர்விழந்த உறக்கத்துக்குப் போய்விடும், தொட்டால் சில்லென்றிருக்கும். செத்தது என்று எறிந்துவிடாமல், துணியில் சுற்றி உடல் சூட்டில் வைத்து மெல்ல எழுப்ப வேண்டும். விழிக்கும் முன் வாயில் எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

பகலில் எழுப்பிப் படம் எடுப்பதும் கொடுமைதான். இது இரவு விலங்கு. கையில் அமர்ந்து வாய் திறந்து “பாடுவதாக” ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அந்தக் கரகரப்பு அச்சத்தில் எழுப்பும் எச்சரிக்கைச் சத்தம். அடுத்து வருவது கடி.

வாங்குவதற்கு முன் மாகாண வனவிலங்கு அலுவலகத்தில் உரிமம் தேவையா என்று எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. அயல்நாட்டு விலங்குகளுக்கான விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். வளர்க்க முடியாமல் போனால் மரத்தில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் மனிதர் கொண்டுவந்து சேர்த்த சுகர் கிளைடர்கள், அருகிவரும் விரைவுக்கிளியின் கூட்டுக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தாய்ப்பறவையையும் தின்கின்றன. பழம் தின்னும் சாது என்ற பெயர் இதற்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

பெரிய கண்ணோடு இரவில் மரமேறிப் பிசின் நக்கும் விலங்குதான் பிள்ளைக்கு வேண்டுமென்றால், டர்பன் தோட்டங்களில் தடிவால் புஷ்பேபி இருக்கிறது. அது பைப்பாலூட்டியல்ல, குரங்குகளின் வரிசையைச் சேர்ந்தது. கருவேல இனப் பிசின் அதற்கும் உணவு. இரவு எட்டு மணிக்குமேல் சன்னல் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் குழந்தை அழுவதைப் போன்ற அதன் குரல் கேட்கும். சோறு வைத்துப் பழக்காமல் பார்த்தால் போதும்.

அடுத்த இணைப்பில் அந்தப் பக்கத்தின் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் குறைவென்றால் மூன்று திருத்தங்கள் போதும்: கடல்நீரில் கழுவி 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம், கிளைடருக்குப் பழம் உணவாகாது, நத்தையின் நஞ்சு புளூபாட்டிலிடமிருந்து வந்தது. நத்தைக்கு மாற்றுப் படம் தேவையென்றால், ஈர மணலில் கிடக்கும் நத்தைக்கு ஒரு சாண் தள்ளி ஐந்து ராண்ட் நாணயத்தை வைத்து எடுத்த படத்தைப் போடுங்கள். நாணயத்தின் விட்டம் 26 மில்லிமீட்டர். அளவும் புரியும், கையும் தேவைப்படாது.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியர்கள் இருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்